பம்ப் நின்ற பிறகு

குழாய் வெதுவெதுவென்று இருந்தது. இருக்கக் கூடாது. கம்ப்யூட்டருக்கு அவள் இன்னும் மின்சாரமே கொடுக்கவில்லை. கம்ப்யூட்டரைக் குளிர வைக்கும் தண்ணீரைக் குழாயில் சுற்ற வைக்கும் குட்டி பம்ப் மட்டும், எங்காவது ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்காக, காலையிலிருந்து தனி இணைப்பில் ஓடிக்கொண்டிருந்தது. மதிய வெயில் பட்டிருக்கும் என்று ஜன்னலைப் பார்த்தாள். திரை மூடித்தான் இருந்தது.

கணவருக்காக மூடிய திரை அது. அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடித்து வந்து, இருக்கிற ஒரே அறையில் பகலெல்லாம் தூங்குவார். கட்டிலிலிருந்து நாலெட்டு தள்ளி அவளுடைய மேஜை. கட்டப் போகும் வீடுகளை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் படமாக்கிக் கொடுப்பது அவள் பிழைப்பு. படம் உருவாக ஆரம்பித்தால் கம்ப்யூட்டரின் விசிறிகள் மாவு மில் மாதிரி இரையும். அவர் புரண்டு புரண்டு படுப்பார், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். போன மாதம் தூக்கக் கலக்கத்தில், ஒரு நோயாளிக்கு வைத்திருந்த ஊசியை வேறொருவருக்குப் போடப் போய், கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் தண்ணீரால் குளிர வைக்கும் யோசனை வந்தது. இரண்டு வாரம், வேலை முடிந்து கண் எரியும் நேரங்களில், கட்டம் போட்ட தாளில் பம்ப் இங்கே, சூட்டை ஆற்றும் ரேடியேட்டர் மேலே, குழாய் இப்படி வளையும் என்று அழித்து அழித்து வரைந்தாள். தண்ணீரையும் கரண்டையும் ஒரே பெட்டிக்குள் விடுவதால் ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு தடவை வரைந்து பார்த்தாள். இன்று காலை எல்லாவற்றையும் பொருத்தி முடித்தபோது அவர் எட்டிப் பார்த்தார்.

"ஒழுகுச்சுன்னா என்னை எழுப்பு. கட்டுப் போட்டு விடறேன்," என்றவர், படுத்ததும் தூங்கிப் போனார்.

இப்போது அவள் பம்பின் பிளக்கைப் பிடுங்கினாள். மெல்லிய ரீங்காரம் அடங்கியது. உள்ளே ஓடுவது தெரிகிற அந்தக் குழாயில் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகள் கொஞ்சம் ஊர்ந்தன, நின்றன, மறுபடி கொஞ்சம் ஊர்ந்தன. ஓட்டம் ஓய்வதாகத் தெரியவில்லை. விரலை வைத்தாள். துடித்தது. சீராக, நிதானமாக, அசந்து தூங்குகிறவரின் நாடி போல.

அறையில் சத்தமே இல்லை. அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாகக் கேட்டுப் பழகிய குறட்டை இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை.

கட்டிலருகே போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. துடிப்பு இல்லை. கழுத்தில் விரல் வைத்தாள். அங்கேயும் இல்லை.

அவர் கண் திறந்தார்.

"எவ்வளவு நாளாச்சு இப்படித் தூங்கி," என்று சிரித்தார். "என்ன, பேயறைஞ்ச மாதிரி பாக்கற?"

அவள் திரும்பிப் பார்த்தாள். குமிழிகள் வேகமெடுத்திருந்தன.

"என்னங்க... எழுந்திருக்காதீங்க."

"தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்மா."

எழுந்தார். மேஜையைத் தாண்டினார். குமிழிகள் தடுமாறின. இன்னும் ஓரடி. மெதுவாயின. கத்த வாய் திறந்தாள். அவர் வாசற்படியில் கால் வைத்தார்.

குமிழிகள் நின்றன.

அவரும் நின்றார். ஒரு கை கதவில். ஒரு கால் படிக்கு அந்தப் பக்கம்.

இடுப்பைக் கட்டிப்பிடித்துப் பின்னால் இழுத்தாள். அசையவில்லை. ஓடி வந்து மேஜையைப் பிடித்தாள். அதன் மேலிருந்த கம்ப்யூட்டர் பெட்டியோடு சேர்த்து, வாசல் பக்கம் தள்ளினாள். ஒரு சாண். இன்னொரு சாண்.

ஒரே ஒரு குமிழி அசைந்தது.

அவர் தலை திரும்பியது. தலை மட்டும். தோளைத் தாண்டி, முதுகுப் பக்கமாக, முழுக்க. உடம்பு வாசலைப் பார்த்து நின்றிருக்க, முகம் அவளைப் பார்த்துச் சிரித்தது.