மரத்திலிருந்து வந்த பதில்

ராயபுரத்தில் பிராங்கிளின் வீட்டு மாடிப்படி ஏறும்போது, மகிமாவுக்குக் கருவாட்டு வாடைதான் அடித்தது. கீழே பிள்ளைகள் சைக்கிளுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பயப்பட அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் கால் பின்வாங்கியது.

மழைக்காட்டில் காட்டு ஆர்க்கிட் செடிகளைக் கணக்கெடுப்பது அவள் வேலை. அவை பெரும்பாலும் உயரமான கிளைகளில்தான் ஒட்டி வளரும். பிராங்கிளின் துறைமுகத்தில் கயிறு கட்டி உயரத்தில் வேலை செய்கிறவர். பக்கத்து டோல்கேட் பகுதியில் அவள் அப்பா நடத்தும் கயிற்றுக்கடையின் வாடிக்கையாளர். மரமேற அவரைத்தான் அழைத்துப்போயிருந்தாள். மனுஷன் வாய்க்குப் பூட்டே கிடையாது. வழியெல்லாம் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தார்.

இப்போது கட்டிலில் உட்கார்ந்திருந்தவர், அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

"காட்லேர்ந்து வந்ததுலேர்ந்து இப்டிதான் கீறாரு," என்றாள் அவர் மனைவி ஆன்சி. அவள்தான் போன் செய்து வரச் சொன்னவள். "தொண்டைல ஒண்ணுமில்லன்றாரு டாக்டரு. அந்தக் கொரலு இல்லாம இது வூடாவே இல்ல மேடம். அங்க இன்னா ஆச்சு?"

சொல்லித்தான் ஆக வேண்டும்.

துறைமுகத்தில் அவர்களுக்கு ஒரு வழக்கம். மேலே இருப்பவரைக் கீழே இருப்பவர் அடிக்கடி கூப்பிடுவார். மேலே இருப்பவர் குரல் கொடுப்பார். தரையில் கால் பட்டதும் 'எறங்கிட்டேன்' என்று கத்திவிட வேண்டும். காட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். கடைசி நாள் மழை கொட்டியது. நடுங்கிக்கொண்டே இறங்கிய பிராங்கிளின் கத்த மறந்துவிட்டார். மூடுபனியில் மகிமா அவரைக் கவனிக்கவில்லை. அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"கீறேன் மேடம்."

மேலேயிருந்து அவர் குரல்.

பிராங்கிளின் அப்போது அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

மகிமா சொல்லி முடித்ததும் ஆன்சி சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்ப அந்தக் கொரலு அங்கியே கீதா?" என்றாள் மெல்ல. "போய் இட்டுகினு வர்லாமா?"

"பதில் சொன்னது யாருன்னே தெரியலையேக்கா," என்றாள் மகிமா. அவளுக்கு அழுகை வந்தது.

கீழே பிள்ளைகளின் சத்தம் நின்றுவிட்டது.

ஈரப்பாசியும் அழுகிய இலையும் கலந்த நாற்றம் அறைக்குள் வந்தது. கடற்கரைப் பக்கத்தில் அப்படியொரு நாற்றம் வர வழியே இல்லை.

படியில் யாரோ ஏறி வந்தார்கள். ஒவ்வொரு படியாக, மெதுவாக.

"ஆன்சி, கதவத் தொறமே."

பிராங்கிளின் துள்ளி எழுந்தார். அவர் வாய் மூடியே இருந்தது. வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"குளுருதுமே," என்று கெஞ்சியது கதவுக்கு வெளியே அவர் குரல்.

ஆன்சியின் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் குரலுக்காக ஏங்கி ஏங்கி இளைத்துப்போனவள் அவள். குறுக்கே வந்த புருஷனை யாரோ அந்நியனைப்போல ஒதுக்கித் தள்ளினாள்.

"இதோ வந்துட்டேன்யா," என்று தாழ்ப்பாளை நீக்கினாள்.