துளையின் அகன்ற பக்கம்

அடுப்படிச் சுவரில் துப்பாக்கியை நீட்டிச் சுட விட்டிருந்த துளை திரும்பியிருந்தது. மாவு பிசைந்த கையோடு கெசியா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் ஏமஸ் வீடு கட்டும்போது துளையின் அகன்ற பக்கம் உள்ளே இருந்தது, குறுகிய பக்கம் வெளியே. உள்ளே நிற்பவன் குழலை நாலா பக்கமும் அசைத்துச் சுடலாம். வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இன்று குறுகல் அவள் பக்கம் இருந்தது.

வெயிலில் கண் மங்கிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மழை பொய்த்து இது இரண்டாவது வருடம், மீன் ஆறு எனப்படும் அந்த ஆற்றின் கரை முழுக்கப் புழுதி. ஆனால் துளைக்குள் கையை விட்டபோது விரல்கள் கல்லில் சிக்கி நின்றன. அந்தப் பக்கத்திலிருந்து சாணமும் ஈர மண்ணும் கலந்த வாடை மெல்ல வந்தது.

அந்த மண்ணின் பூர்வகுடிகளான கோசா இனத்துக் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாக மாட்டுப்பட்டி வைத்திருந்த இடம் அது. அவர்கள் வழக்கப்படி வீட்டுப் பெரியவர்களைப் பட்டி ஓரத்திலேயே புதைத்து மேலே கல் அடுக்கியிருந்தார்கள். வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு காகிதத்தை நீட்டி நிலத்தை ஏமஸிடம் கொடுத்தது. வண்டிக்கூலி மிச்சம் என்று அவன் அந்தக் கற்களைப் பெயர்த்தே கோட்டை மாதிரி வீடு கட்டினான், ஊற்றையும் முற்றத்துக்குள் வளைத்துப் போட்டான். நல்ல கெட்டிக்காரன்தான்.

போன மாதம் அந்தக் குடும்பத்துப் பெண்கள் குடத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். தாகத்துக்கு வந்தவர்களுக்கு ஏமஸ் துளை வழியாகப் பதில் சொன்னான். விழுந்தவர்களில் ஒருத்தி குழந்தை. கெசியா அன்றும் மாவுதான் பிசைந்துகொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

வேலைக்காரி நோசிஸ்வே அந்தக் குடும்பத்துப் பெண்தான். தண்ணீர் இங்கே இருந்ததால் அவளும் இங்கே இருந்தாள். கெசியா அவளைக் கூப்பிட்டுத் துளையைக் காட்டினாள்.

"யாருடி இதைக் கொத்தி மாத்தினது?"

நோசிஸ்வே சுவரைப் பார்க்கவேயில்லை. "சுவரு வச்ச இடத்துலதாம்மா இருக்கு. நீங்கதான் இந்தப் பக்கம் வந்துட்டீங்க."

வாளியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. பிறகு குறுக்குக்கட்டை விழுந்தது. கட்டை எப்போதும் உள்ளேதான் இருக்கும். சத்தம் வெளியிலிருந்து வந்தது.

கெசியா கை வலிக்கும்வரை கதவைத் தட்டினாள். கூடத்துக்கு ஓடினாள், படுக்கையறைக்கு ஓடினாள். எல்லாத் துளைகளும் திரும்பியிருந்தன. ஜன்னல் என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது, பாதுகாப்பு என்று அவளே பெருமைப்பட்டிருக்கிறாள். பானையைச் சாய்த்தாள். புழுதி கொட்டியது. ஐந்து வயது மகள் லெட்டி வெடித்த உதட்டோடு தண்ணீர் கேட்டு அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஊற்று சலசலத்துக்கொண்டே இருந்தது.

பொழுது சாய்ந்தால் ஏமஸ் வந்துவிடுவான். இவர்களைப் பட்டாளத்து முகாமுக்கு அழைத்துப்போக வண்டி கொண்டுவருவதாகச் சொல்லித்தான் போயிருந்தான். வந்துவிட்டால் பிள்ளை பிழைத்துவிடும். அதை மட்டுமே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குளம்புச் சத்தம். அவன் இருமல்.

கெசியா துளையில் வாயை வைத்தாள். நான்தான், கதவைத் திறங்கள், பிள்ளைக்குத் தண்ணீர் என்று கத்தினாள். வறண்ட தொண்டையிலிருந்து வந்தது அவள் பேச்சு இல்லை. அன்று வாசலில் கேட்ட அந்தப் பெண்களின் மொழி.

வெளியே எல்லாம் அடங்கியது.

"மறுபடியும் வந்துட்டாங்க," என்றான் ஏமஸ், தணிந்த குரலில். "கெசியா, பாப்பாவைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போ."

"சரிங்க," என்றது கெசியாவின் குரல். முற்றத்திலிருந்து.

உள்ளே கெசியா லெட்டியை இழுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். அடுத்த மூலைக்கு. எந்த மூலையும் தப்பாது. அவளுக்குத் தெரியும்.

குழல் உள்ளே நீண்டது. இடப்பக்கம் போனது. வலப்பக்கம் வந்தது. அவளுடைய நெஞ்சுக்கு நேராக ஒரு கணம் நின்றது. பிறகு கொஞ்சம் கீழே இறங்கியது, ஐந்து வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு.