துணைமதி வாய் திறக்காத நாள்

காலையில் எந்தச் சேலை, மதியச் சாப்பாட்டுக்கு மீனா காய்கறியா, சாயங்காலம் எந்தப் பேருந்து என்று எல்லாவற்றையும் துணைமதியே சொல்லிவிடும். காதோரம் ஒட்டியிருக்கும் அந்தச் சில்லு சொன்னபடி நடப்பதைத் தூத்துக்குடியில் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. கடலடியில் பவளப்பாறை வளர்க்கும் வேலைக்குச் செலஸ்டினா போனதும் அப்படித்தான்.

அவளுக்குக் கருப்பைவாயில் ஆரம்பக் கட்டப் புற்றுநோய் என்று தெரிந்தபோதும் துணைமதி தயங்கவில்லை. அறுவை சிகிச்சை செய்யச் சொன்னது, கருப்பையை எடுத்தார்கள். நிணநீர்க் கணுக்களில் நோய் இல்லை. ஆனால் கட்டி சற்று ஆழமாக இறங்கியிருந்தது. கதிர்வீச்சு கொடுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு குறையும். குடலும் சிறுநீர்ப்பையும் பாதிக்கப்படலாம், சினைப்பைகள் ஓய்ந்துபோகலாம். கொடுக்காவிட்டால் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

“எது செய்யட்டும்?” என்று கேட்டாள்.

“உங்கள் விஷயத்தில் இரண்டும் சமம். முடிவு உங்களுடையது” என்றது துணைமதி.

டாக்டர் மெஹ்ராஜ் விளக்கினார். “தராசு நேரா நின்னா அது வாயத் திறக்கக் கூடாதும்மா. சட்டம் அப்படி.”

“அப்ப நீங்க சொல்லுங்க டாக்டர்.”

“நான் ஒண்ணு கேக்கேன். நோய் திரும்பிருமோங்கிறது பெரிய பயமா, உடம்பு முடியாமப் போயிருமோங்கிறதா?”

இதைச் செலஸ்டினாவிடம் யாரும் கேட்டதில்லை. புதுக் கடலுக்குள் முதல்முறை முங்குவதுபோல் தனக்குள்ளேயே இறங்கிப் பார்த்தாள்.

பக்கத்திலிருந்த கணவன் றீகன் முந்திக்கொண்டான். “கதிர்வீச்சு எடுத்திருவோம், செலஸ்டி. நீ இருக்கணும்லா.”

“இத உங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. நானாத்தான் சொல்லுதேன்.”

அவள் அவனை வியப்போடு பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “எனக்குக் கடலுக்குள்ள போகணுங்க. கண்காணிச்சுக்கிட்டே இருப்போம். திரும்பி வந்தா அப்பப் பாத்துக்கிடுவோம்.”

“ஒரு சோதனையக்கூடத் தவறவிடக் கூடாது” என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அவர்களுக்குள் சண்டை மூண்டது. கல்யாணமான பிறகு அதுதான் முதல் சண்டை. இருவருக்குமே சண்டையை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. றீகன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் முதல் சோதனைக்கு அவளுக்கு முன்னால் கிளம்பி நின்றான்.

சோதனையில் எதுவும் தென்படவில்லை.

“ஒருவேளை திரும்பியிருந்தா?” என்று கேட்டாள் அவள்.

“பெருசா சண்டை போட்டிருப்பேன்” என்றான் றீகன். “போட்டுட்டு, ஒன் பக்கத்துலயேதான் கெடந்திருப்பேன்.”