கோர்ன்பிளேக்ஸ் பெட்டியும் மெழுகுதிரியும்

ஜெர்மனி, டோர்ட்மண்ட், 2007 ஜனவரி. மாலை 6.10.

கோயிலிலிருந்து திரும்பிய கமலாம்பிகை அலமாரியைத் திறந்தாள். உள்ளே வைத்துவிட்டுப் போன தாலிக்கொடியைக் காணவில்லை. கதவும் பூட்டும் உடையவில்லை. வீட்டுச் சாவி வேறு இருவரிடம் இருந்தது: மேல் அறையில் குடியிருந்த சுலோஜனா, வேறு தெருவில் இருந்த கணவரின் தம்பி சிறீதரன்.

மறுநாள் காலை 10.30. பொலிஸ் நிலையம்.

மொழிபெயர்க்க வந்த பாலாம்பிகைக்கு இந்த வேலையில் இது பதினெட்டாவது வருடம். யாருடைய பொய்யானாலும் அதை நல்ல ஜெர்மனில் எடுத்துச் சொல்ல வேண்டிய பிழைப்பு. அலுத்துவிட்டது.

அறையில் தனியே தூங்கியதாகச் சொன்னாள் சுலோஜனா. சாட்சி இல்லை. "களவு வழக்கெண்டா என்ர அன்ட்ராக் போச்சு அக்கா." அகதி விண்ணப்பத்தின் முடிவுக்கு ஆறு வருடமாகக் காத்திருப்பவள்.

அவளை வெளியே இருத்திவிட்டுச் சிறீதரனை அழைத்தார்கள். அவன் ஒரு கோர்ன்பிளேக்ஸ் பெட்டியையும் நிறப்பென்சிலால் வரைந்த ஒரு படத்தையும் மேசையில் வைத்தான். ஒரு பக்கம் மெல்லிய வெட்டு, உள்ளே சரித்து ஒட்டிய பழைய சிடி. வெட்டை வெளிச்சத்துக்குக் காட்டி மேலே உள்ள துளையால் பார்த்தால் நிறங்கள் பிரிந்து தெரியும்.

"நேற்று ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரை எங்கே இருந்தீர்கள்?" அதிகாரி வேபர் கேட்டார்.

"வீட்டில, தனிய. எங்கட றோட்டில கரண்ட் இல்லை. மெழுகுதிரி கொளுத்தி, மகளின்ர பள்ளிக்கூட வேலைக்கு இதுக்குள்ள தெரிஞ்ச நிறங்களைப் பார்த்துப் படம் கீறினனான்."

படத்தில் நேரமும் இருந்தது: 17.20. நாலரை முதல் ஆறரை வரை மின்வெட்டு என்பது உண்மைதான். வேபர் தலையாட்டினார்.

பாலாம்பிகை படத்தைப் பார்த்தாள். ஊதா, பச்சை, செம்மஞ்சள் என்று மூன்று கோடுகள். இடையில் கறுப்பு.

"வேற லைட் ஒண்டும் இல்லையோ?"

"கரண்டே இல்லையே அக்கா."

ஜன்னலோரம் போன மாத நத்தார்ப் பண்டிகைக்கு வைத்த மெழுகுதிரி மிஞ்சிக் கிடந்தது. அதைக் கொளுத்தி, ஜன்னல் திரையை இழுத்து, விளக்கை அணைத்து, வேபரிடம் பெட்டியை நீட்டினாள். சிவப்பிலிருந்து நீலம் வரை இடைவெளியே இல்லாமல் நிறங்கள் தெரிந்தன. பிறகு டியூப்லைட்டைப் போட்டாள். மூன்று கோடுகள், படத்தில் இருந்த அதே கோடுகள்.

"என் மகளும் போன வருடம் இப்படி ஒன்று செய்தாள்," என்றாள். "தீயின் வெளிச்சத்தில் நிறங்கள் தொடர்ந்து வரும். கோடுகளாகப் பிரிவது டியூப்லைட்டிலும் மின்சேமிப்பு பல்பிலும்தான். கரண்ட் வந்த பிறகு பல்பைப் பார்த்துக் கீறி, நேரத்தைப் பொய்யாக எழுதியிருக்கிறார். எல்லா வெளிச்சமும் ஒன்றென்று நினைத்துவிட்டார்."

சிறீதரன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக் கவிழ்த்து வைத்தான்.

"நான்தான் எடுத்தனான். காரில இருக்கு. சுலோஜனாவைத்தான் பிடிப்பினம் எண்டு நினைச்சன்."

மொழிபெயர்ப்பாளர் 'நான்' என்றே சொல்ல வேண்டும் என்பது விதி. நான்தான் எடுத்தேன், அவளைத்தான் பிடிப்பார்கள் என்று நினைத்தேன் என்று பாலாம்பிகை ஜெர்மனில் சொன்னாள். வாய் கசந்தது.

வெளியே பலகை வாங்கில் சுலோஜனா உட்கார்ந்திருந்தாள்.

"வீட்ட போகலாம். உங்கட பேரில வழக்கில்லை."

"இல்லையோ?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பாலாம்பிகைக்கு அடுத்த டெர்மின், இன்னொரு மொழிபெயர்ப்பு, பதினொன்றரைக்கு. போகாமல் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.