செம்பேன் குடியிருக்கும் கொடி

மிளகாய்த் தூளுக்குக் கால் முளைத்தால் எப்படி இருக்கும்? செம்பேன் அப்படித்தான் இருக்கும். இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும்.

எந்தெந்தச் செடியில் செம்பேன் வாழ்கிறது என்று தெருத்தெருவாகக் கணக்கெடுப்பது, சுண்டெலி என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிடும் சிறுமியின் சித்திக்கு வேலை. பள்ளி விடுமுறை என்பதால் சுண்டெலியும் கூடவே சுற்றினாள். பூதக்கண்ணாடி அவள் பொறுப்பு.

அன்று காலை கத்தரித் தோட்டம் ஒன்றில் சித்தி தோள் வரை கையை விட்டுத் துழாவினார். இலைக்கு இலை செம்பேன்! அடுத்தது தையல்காரரின் கடை. வாசல் முழுக்க ஒரு கொடி படர்ந்திருந்தது.

சித்தி வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து ஒரு கிளையைத் தட்டினார். தாளில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் ஓடின.

"அடடா, இந்தக் கொடியிலும் இருக்கே!" என்றார் சித்தி. "அண்ணே, இதை வெட்டித்தான் ஆகணும். விட்டா தெரு முழுக்கப் பரவிடும்."

தையல்காரரின் முகம் வாடிவிட்டது. "மூணு வருஷமா வளர்த்தேன்மா. இப்பதான் முதல் மொட்டு விட்டிருக்கு. இது போனா கடைக்குள்ள வெயில்ல உட்காரவே முடியாது."

சுண்டெலிக்குப் பாவமாக இருந்தது. பூதக்கண்ணாடியோடு கொடிக்குள் தலையை நுழைத்தாள்.

"சித்தி, கத்தரி இலையில முட்டை இருந்துச்சு. நூலாம்படை இருந்துச்சு. சாறு குடிச்ச வெள்ளைப் புள்ளியும் இருந்துச்சு. இங்க ஒண்ணுமே இல்லையே?"

"செம்பேன் இருக்கே, அது போதாதா?"

"பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்க எல்லாம் அங்கேயா குடியிருக்காங்க?"

தையல்காரர் சிரித்துவிட்டார். சித்தி சிரிக்கவில்லை, யோசித்தார். "சரி, குடியில்லேன்னா அது இங்க எப்படி வந்துச்சு?"

சுண்டெலி மேலும் கீழும் பார்த்தாள். திடீரென்று, "சித்தி, கையை ஆட்டாதீங்க!" என்று கத்தினாள்.

சித்தியின் சட்டைக் கையில் ஒரு சிவப்புப் புள்ளி சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டது!

"ஐயோ, கத்தரித் தோட்டத்துல இருந்து நானே சுமந்துட்டு வந்திருக்கேனா?" என்று சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தெருமுனைக்குப் போய்ச் சட்டையை நன்றாக உதறினார். கை கழுவினார். சுண்டெலி புதுத் தாளைப் பிடித்தாள். தையல்காரரே கிளை கிளையாகத் தட்டினார். தூசி விழுந்தது. ஓர் எறும்பு விழுந்து கோபமாக ஓடியது. செம்பேன் ஒன்றுகூட விழவில்லை.

"வெட்ட வேண்டாம்ணே. அடுத்த வாரம் வந்து இன்னொரு தடவை பார்த்துடறேன்," என்றார் சித்தி.

"தாராளமா வாங்கம்மா! அதுக்குள்ள பூத்திருக்கும்!" தையல்காரர் கொடியை மெல்லத் தடவிக்கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

சித்தி பையைத் தோளில் மாட்டினார். "வா, அடுத்த வீட்டுக்குப் போகலாம்."

சுண்டெலி நகரவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"முதல்ல நம்ம வீட்டுக்கு. நீங்க வேற சட்டை போட்டுக்கிட்டு வந்தப்புறம்தான் அடுத்த செடி!"

சித்தி வீட்டைப் பார்த்து நடந்தார்.