எண் 212

புதிய கருநிரலின் வரைவு வந்த காலையில் பூங்கோதை காபியைக்கூடத் தொடவில்லை. கோவையில் வெறுங்காதோடு திரிபவர் எவருமில்லை. எல்லார் காதிலும் பொருத்திய செவிப்பொறியை இயக்கும் மூல மென்பொருள்தான் அந்தக் கருநிரல். எந்த எண் எந்த ஒலி என்பதை ஒலிநூலகத்தின் தலைப்பேடு சொல்லும். ஏட்டில் இல்லாத ஒலி காதில் ஏறாது. கருநிரலும் தலைப்பேடும் வரிக்கு வரி ஒத்திருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் ஊரே செவிடாகிவிடும். கருநிரலில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் ஏட்டில் படியெடுப்பதே அவள் வேலை.

அன்று வரைவில் 212-ஐக் காணவில்லை. இரும்பு வார்ப்பாலையில் கிரேன் சங்கிலி தளர்ந்தால் அலறும் அபாயச் சங்கு அது. அவள் கணவன் நாச்சிமுத்து நாள் முழுக்க நிற்பது அந்தக் கிரேனுக்கு அடியில்.

கருநிரல் குழுவின் இன்பராஜை அழைத்தாள். ஓராண்டாக எங்குமே ஒலிக்காத எண்களைக் கருநிரல் தானே கழித்துவிடும் என்று அவர் நிதானமாக விளக்கினார்.

"ஒலிக்கலைன்னா விபத்து நடக்கலைன்னு அர்த்தமுங்க. அது குத்தமா?"

"நியாயம்தானுங்க. ஆனா அதுக்கு எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒருக்கா ஊதச் சொல்லுங்க, வரி தங்கிடும்."

நாச்சிமுத்து காரணமில்லாமல் ஊதினான். 212 பிழைத்தது. சேதி பரவியதும் அணைக்காரர்கள், தீயணைப்பு நிலையத்தார், வாயு ஆலைக்காரர்கள் எல்லாருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. ஓராண்டுக்கு ஒருமுறை போதும்தான். ஆனால் நம் ஆட்களுக்கு எதிலும் அளவு ஏது? தினமும் காலை பத்து மணிக்கு ஊரிலிருந்த பன்னிரண்டு அபாயச் சங்குகளும் ஊரை உலுக்கின. முதலில் ஜனங்கள் துள்ளி எழுந்தார்கள். பிறகு கடிகாரத்தைச் சரிபார்த்தார்கள். மூன்றாம் மாதம் யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை.

அடுத்த வரைவில் எந்த வரியும் விடுபடவில்லை. பன்னிரண்டு சங்குகளுக்கும் எதிரே புதிதாக ஒரு சொல் மட்டும் ஏறியிருந்தது: 'அடக்கு'. இனி சங்கு ஊதினாலும் எவர் காதிலும் விழாது. காரணம், பொதுமக்கள் மனு. நாற்பதாயிரம் கையொப்பங்களில் மூன்றாவது நாச்சிமுத்துவுடையது.

ஞாயிறு மதியச் சாப்பாட்டில் ஏன் கையெழுத்துப் போட்டான் என்று கேட்டாள். அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னான்: "தினமும் மண்டையப் பொளக்குது கோதை. கிரேனுக்குத்தான் ஒண்ணும் ஆகறதில்லையே."

கை கழுவிவிட்டு வந்து அவள் ஏட்டைத் திறந்தாள். விதிப்படி பன்னிரண்டு வரிகளையும் படியெடுத்தாள். நாளைக் காலை முதல் அது அமலுக்கு வரும்.

"ஏனுங்க, நாளைக்கு லீவு போடுங்க."

"நாளைக்கு மட்டும் போட்டாப் போதுமா?" என்று கேட்டு அவன் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.