இரண்டு ழகரங்கள்

யாழ்மொழிக்கு வரும் ஆவணியில் இரண்டு வயது. காலையில் தானே பல் தேய்த்துவிட்டு வந்து, "உங்கள் முகம் வாடியிருக்கிறதே, உறங்கவில்லையா அம்மா?" என்று விசாரித்தாள். செய்தி வாசிக்கிற குரல்.

"நீன்னு கூப்பிடுடி. பெத்தவளைப் போய் யாராவது நீங்கன்னு சொல்வாங்களா?" என்றாள் பூங்கோதை.

"அது மரியாதையாக இருக்காது."

எல்லாம் முத்திரைச் சொட்டின் வேலை. கருவில் வளரும் மூளையின் செல்களுக்குள், ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று சேர்வதும் பிரிவதுமாக இருக்கும். சேர்ந்தே இருந்தால் செல் காத்திருக்கும்; துண்டு துண்டாகப் பிரிந்தால் நரம்பணுவாகி முதிரத் தொடங்கும். பிரிக்கிற புரதத்தின்மேல் ஒரு சின்ன வேதி முத்திரை விழவேண்டும், அவ்வளவுதான். இயற்கை அதைச் சோம்பேறி குமாஸ்தா மாதிரி ஆற அமரக் குத்தும். ஐந்தாம் மாதம் தாய்க்குத் தரும் சொட்டு மளமளவென்று குத்தித் தள்ளிவிடும். இருபது வருட முதிர்ச்சி இரண்டு வருடத்தில் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

வயிற்றில் இருக்கும்போதே பூங்கோதை பெயரும் வைத்துவிட்டாள். வேண்டுமென்றே இரண்டு 'ழ' உள்ள பெயர். குழந்தை அதை 'யாய்மொயி' என்று குழறும், கேட்டுக் கேட்டுச் சிரிக்கலாம் என்று ஆசை. சொட்டுக்குச் சம்மதித்ததும் அதே வாரம்தான். இரண்டு ஆசையும் ஒரே பிள்ளையிடம் பலிக்காது என்று அப்போது உறைக்கவில்லை.

பிறந்த ஒன்பதாம் மாதம் குழந்தை வாய் திறந்தது. முதல் சொல்லே தன் பெயர். இரண்டு ழகரமும் பிசகவில்லை. பூங்கோதை சமையலறைக்குள் போய் அழுதாள்.

கணவன் அழகேசனுக்குக் கப்பல் வேலை. அழைத்தால் மகளோடு கடல் நீரோட்டம் பற்றிப் பேசுவான். வீட்டில் பேச்சுக்கு ஆளில்லாமல் போனது பூங்கோதைக்குத்தான்.

ஒரே ஆறுதல் எதிர்வீட்டு டெய்சியின் மகன் ஆரோன். சொட்டு படாத பிள்ளை. மூன்று வயதில் மூக்கொழுக ஓடிவந்து, "ஆன்ட்டி, வாயப்பயம்" என்று கை நீட்டுவான். அவனுக்காகவே வாழைப்பழம் வாங்கி வைப்பாள்.

"என்ன கேட்ட? இன்னொரு தரம் சொல்லு," என்று சிரிப்பாள்.

போன வாரம் அவர்களும் வீடு மாறிப் போய்விட்டார்கள்.

மகள் முகவாட்டத்தை விசாரித்த அன்று சாயங்காலம் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே குரல் கேட்டது. "அம்மா, பயம்."

துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். இடி இடித்தால்கூட ஜன்னலுக்குப் போய் வேடிக்கை பார்க்கிற பெண் அவள். வாரியெடுத்து அணைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவும் இருந்தது.

"ஒண்ணுமில்லடா செல்லம். அம்மா இருக்கேன்ல."

அணைப்பு தளரும்வரை யாழ்மொழி பொறுமையாக இருந்தாள். பிறகு மேசையைக் காட்டினாள். "அந்தப் பயம். மஞ்சளாக இருக்கிறதே, அது."

பூங்கோதைக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

"ஆரோன் போன பிறகு நீங்கள் சிரிக்கவில்லை. அதனால் பயிற்சி எடுத்தேன். நாக்கைத் தவறான இடத்தில் வைப்பது கடினம். சரியாகத் தப்பு செய்தேனா, அம்மா?"

பூங்கோதை பழத்தை உரித்து நீட்டினாள். அழுகையில் நாக்குக் குழறியது. "இந்தா, பயம் சாப்பிடு."

யாழ்மொழி நிமிர்ந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்ன சொன்ன? இன்னொரு தரம் சொல்லு," என்றாள்.